மாசத்துக்கு ஒரு பிள்ளை வீடு: வடசென்னைக் குடும்பம் ஒன்றில் எடுத்த பேட்டிகளும் அவற்றால் வந்த சிக்கலும்

பின்னணி

வயதான தாய் தகப்பனைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை உடன்பிறந்தவர்கள் எப்படிப் பங்கு போட்டுக்கொள்கிறார்கள் என்பதுதான் எங்கள் துறை மாணவி ஒருவரின் முனைவர் பட்ட ஆய்வு. காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரையிலான கடலோரமும், உள்ளே வியாசர்பாடி, கொருக்குப்பேட்டையும் அவருடைய களம். நான் நெறியாளர். வீடு வீடாகப் போய்ப் பேட்டி எடுத்தவர் அவர். சிக்கல் வந்த இடங்களில் இருவரும் பேசித்தான் முடிவெடுத்தோம்.

இந்தக் குடும்பத்தின் தாய்க்கு 70-ஐத் தாண்டிய வயது. ஒரு காலத்தில் மீன் கூடை சுமந்து தெருத்தெருவாக விற்றவர். இப்போது முட்டிவலி, சர்க்கரை, ரத்த அழுத்தம். மூன்று மகன்கள், ஒரு மகள். மூத்தவர் காசிமேட்டில், அப்பா கட்டிய வீட்டில் இருக்கிறார். இரண்டாமவர் விசைப்படகில் பங்குக்குப் போகிறவர், அதாவது சம்பளமில்லை, பிடிபடும் மீனில்தான் பங்கு; எர்ணாவூர் சுனாமி குடியிருப்பில் வீடு. மூன்றாமவர் வியாசர்பாடியில் வாடகைக்கு. மகளைக் கொடுத்திருப்பது திருவொற்றியூரில். அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறோம். இரண்டாம் மகனின் கடல் தொழிலை மட்டும் மாற்றவில்லை. அதை மாற்றினால் நடந்தது எதுவும் புரியாது.

வீட்டுக் கணக்கையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். அப்பா உயில் எழுதாமல் இறந்தார். 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவிக்கும் நான்கு பிள்ளைகளுக்கும் ஆளுக்கு ஐந்தில் ஒரு பங்கு. மகள் தன் பங்கை விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்தார், பதிலுக்குக் கொஞ்சம் நகை கிடைத்தது. தாயும் தன் பங்கை எழுதிக் கொடுத்துவிட்டார். மூத்தவர் தம்பிகளுக்குப் பணம் கொடுத்து வீட்டை வைத்துக்கொண்டார். தாயைக் காப்பாற்ற வேண்டும் என்று பத்திரத்தில் ஒரு வரிகூட இல்லை. அது கருமாதி அன்று உறவுக்காரப் பெரியவர்கள் முன்னால் வாய்ப்பேச்சாக முடிவானது: மாசத்துக்கு ஒரு பிள்ளை வீடு, தமிழ் மாதம் முதல் தேதி இடமாற்றம்.

அடுப்பு தனித்தனி என்பதற்காகக் குடும்பம் பிரிந்துவிட்டது என்று சொல்லிவிட முடியாது என்பதைச் சமூகவியலாளர் ஐ.பி. தேசாய் 1960-களிலேயே குஜராத்தின் மகுவா ஊரை வைத்துக் காட்டினார். ஒரே கூரையின் கீழ் இருப்பது வேறு, ஒரே குடும்பமாக இருப்பது வேறு என்று ஏ.எம். ஷாவும் பிரித்துச் சொன்னார். நான்கு இடத்தில் அடுப்பு, ஒரு தாய், வீடு மாறும்போதெல்லாம் அவர் தூக்கிப் போகும் ஒரு ஒயர் கூடை என்றிருந்த இந்தக் குடும்பம் அந்த விவாதத்துக்கு நேரான உதாரணமாகத் தெரிந்ததால்தான் தேர்ந்தெடுத்தோம்.

எல்லோரும் கூடிய முதல் பேச்சு

பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மூத்தவர் வீட்டில் கூட்டுப் பேட்டி. மகன்கள் மூவரும் மருமகள்களும் வந்திருந்தார்கள். மகள் வரவில்லை. “அவ இன்னாத்துக்கு? கட்டிக் குடுத்தாச்சு” என்றார் மூத்தவர்.

பேச்சு வழுவழுவென்று போனது. மூன்று பிள்ளைகளும் முறை தவறாமல் பார்க்கிறார்கள், அம்மாவுக்கு ஒரு குறையும் இல்லை. கேள்வி தாயிடம் போனாலும் பதில் மூத்தவரிடமிருந்துதான் வந்தது. கூட்டுப் பேட்டியில் உண்மை வராது என்று சிலர் இதை ஒதுக்கிவிடுவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. யார் யாருக்காகப் பேசுகிறார்கள், எந்த இடத்தில் யார் குனிந்துகொள்கிறார்கள் என்பது இங்கேதான் தெரியும்.

ஒரே ஒரு முணுமுணுப்பு மூன்றாவது மருமகளிடமிருந்து வந்தது. ஆனி அவர்கள் முறை. ஆனிக்கு 32 நாள்கூட வரும். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். உடனே மூத்த மருமகள், “ஒங்களுக்கு மார்கழியும் வருதே, அது சின்ன மாசம்தான? தீபாவளி, பொங்கல் ரெண்டும் எங்க தலையில விடியுது” என்றார். பன்னிரண்டு மாதத்தை மூன்றால் வகுத்தால் மீதி வராது. அதனால் வருஷா வருஷம் அதே மாதம் அதே வீட்டுக்கு வந்து சேர்கிறது. சித்திரையும் ஐப்பசியும் தையும் எப்போதும் மூத்தவருக்கு. வைகாசி எப்போதும் இரண்டாமவருக்கு.

காலண்டர் தாள்

தனிப் பேட்டிகளைச் சித்திரையில் எடுத்தோம். அதற்கு ஒரு எளிய கருவி வைத்திருந்தோம். பன்னிரண்டு தமிழ் மாதங்களைக் கட்டம் போட்ட ஒரு தாள். போன வருஷம் அந்தந்த மாதம் அம்மா எங்கே இருந்தார் என்று ஒவ்வொருவரும் குறிக்க வேண்டும். தாய்க்கு எழுதப் படிக்கத் தெரியாது, ஆகவே அவருக்குப் புளியங்கொட்டைகள் கொடுத்து, வீட்டுக்கு ஒரு வரிசை என்று வைக்கச் சொன்னோம்.

சித்திரைக்கு வேகமாக ஒரு கொட்டை வைத்தார். அடுத்த கட்டத்துக்கான கொட்டை விரல்களுக்கிடையே உருண்டுகொண்டே இருந்தது. “அத்த வுடு கண்ணு, அடுத்ததுக்குப் போ” என்றார். எல்லாக் கட்டமும் நிறைந்த பிறகும் வைகாசி காலி. மாணவி வற்புறுத்தவில்லை. தாள் மடிக்கும்போது அவராகவே சொன்னார்: “வைகாசில பொண்ணாண்டதான் இருப்பேன். பெரியவன் காதுல போட்டுடாத.”

காரணம் கடலில் இருக்கிறது. கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். அதாவது ஏறக்குறைய அச்சு அசலாகச் சித்திரையும் வைகாசியும். 2017-க்கு முன்பு தடை 45 நாள்தான், மே 29-இல் முடியும். வைகாசி பாதியில் இரண்டாமவர் கடலுக்குப் போய்விடுவார், கையில் காசு வரும். 61 நாளானதும் அவருடைய முறை முழுக்க முழுக்கத் தடைக்குள் விழுந்துவிட்டது. பங்குக்குப் போகிறவருக்குப் படகு நின்றால் வருமானமும் நின்றது. நிவாரணத் தொகை வரும்; அது வீட்டுச் செலவுக்கே காணாது. அதே சமயம் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் திறக்கும். ஒரு வருஷம் தாய் தானாகவே கூடையைத் தூக்கிக்கொண்டு மகள் வீட்டுக்குப் போனார். அப்புறம் அதுவே வழக்கமாகிவிட்டது.

தடைக்காலம் தெரியாத ஆளில்லை காசிமேட்டில். மூத்தவர் வீட்டிலிருந்து மீன்பிடித் துறைமுகத்துக்கு நடந்தே போய்விடலாம். ஆனாலும் முறை வகுத்த நாளிலிருந்து இன்று வரை அந்த இரண்டு காலண்டர்களையும் யாரும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை.

ஒரே ரகசியம், பல பேர்

தனிப் பேட்டிகள் போகப் போக ஒன்று தெரிந்தது. வைகாசி விஷயம் கிட்டத்தட்ட எல்லோருக்கும் தெரியும். ஆனால் ஒவ்வொருவரும் மற்றவருக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டு, யாரிடமும் சொல்லிவிடாதே என்று மாணவியிடம் கேட்டுக்கொண்டார்கள்.

இரண்டாமவர் முதலில் “எங்க வூட்லதான்” என்று குறித்தார். பிறகு ரெக்கார்டரை நிறுத்தச் சொல்லிவிட்டு விஷயத்தைச் சொன்னார். மகளின் பயம் வேறு மாதிரி: “கையெழுத்து போட்டு எல்லாத்தையும் வுட்டுட்டேன். இப்ப அம்மாவுக்கு ஒரு மாசம் சோறு போட்டா, பங்கு கேக்க அடி போடுறான்னு அண்ணன் சொல்வாரு.”

மூத்த மருமகளுக்குத் தெரிந்தது மாத்திரை வழியாக. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் தாய்க்கு மாத்திரை வருவது காசிமேட்டு வீட்டு முகவரிக்கு. அவர் வேறு பிள்ளை வீட்டில் இருக்கும்போது அந்த வீட்டிலிருந்து யாராவது வந்து வாங்கிப் போவார்கள். வைகாசியில் மட்டும் நாத்தனார் மகன் வருகிறான். “‘ஆயாவுக்கு மாத்திர’ன்னு வந்து நிப்பான். நான் எடுத்துக் குடுத்துடுவேன். எங்கருந்து வர்றேன்னு கேக்க மாட்டேன். கேட்டா, அவன் சொல்லிட்டா, நானும் எதனா சொல்லணும்ல?”

கடைசியில் மூத்தவர். காலண்டரில் வைகாசியைத் தம்பி பெயரில் குறித்துவிட்டுச் சற்று நேரம் பேசாமல் இருந்தார். “தெரியும்மா. எனக்குத் தெரியும்னு வெளிய தெரிஞ்சா நான் எதனா பண்ணியாகணும். போய் இட்டுக்கினு வரணும், இல்ல சண்ட போடணும். ரெண்டும் என்னால ஆவாது.”

தலைமுறைகளுக்கு இடையிலான உறவில் பாசமும் எரிச்சலும் ஒன்றையொன்று தீர்த்துவிடாமல் கூடவே இருக்கும் என்பதை லூஷர், பில்லமர் என்ற இருவர் 1998-இல் விரிவாக எழுதினார்கள். வகுப்பில் அதை நடத்தும்போது சும்மா தலையாட்டிவிட்டுப் போவோம். ஒரு மனிதர் தெரியாததுபோல் இருப்பதையே தன் தாய்க்குச் செய்யும் உதவியாக வைத்துக்கொண்டிருப்பதைக் கேட்டபோது அந்தக் கருத்துக்கு எடை வந்தது.

எங்களுக்கோ இது பெரிய தலைவலி. ஒப்புதல் படிவத்தில் பெயரை மாற்றுவோம், வெளியாருக்குத் தெரியாது என்று எழுதியிருந்தோம். தெருவிலிருப்பவருக்கு மறைக்கப் பெயரை மாற்றினால் போதும். அண்ணியிடமிருந்து எதை மாற்றி மறைப்பது? கூடையையும் மாத்திரையையும் சொன்னாலே அவருக்கு யாரென்று தெரிந்துவிடும். நியூசிலாந்து ஆய்வாளர் மார்ட்டின் டாலிக் 2004-இல் இதைத்தான் சுட்டிக்காட்டினார்: ஒருவரையொருவர் அறிந்தவர்களிடம் பேட்டி எடுக்கும்போது ஆபத்து வெளியிலிருந்து வருவதில்லை, உள்ளேயிருந்து வருகிறது.

இரண்டு அட்டைகள்

வைகாசி பிறந்தது. தாய் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். மாணவி அங்கே போனபோது தாய் சொன்னார்: “விடியக்கால எழுந்தா வேர்த்து ஊத்துது, கை வெடவெடன்னு ஆடுது. ஒரு டீ சக்கர போட்டுக் குடிச்சா சரியாப் பூடுது.”

அலமாரியில் தேங்காய் எண்ணெய் பாட்டிலுக்குப் பக்கத்தில் இரண்டு மாத்திரை அட்டைகள் இருந்தன. ஒன்று பேரன் காசிமேட்டிலிருந்து வாங்கி வந்தது. மற்றது மகள் போன வருஷத்துக் காலி அட்டையை மெடிக்கலில் காட்டி, அம்மா வருவதற்கு முன்னாலேயே வாங்கி வைத்தது. மேலே பெயர் வேறு வேறு. கீழே பொடி எழுத்தில் இரண்டிலும் கிளைமிபிரைடு. சித்திரையில் மூத்தவர் வீட்டில் இருந்தபோது டாக்டர் மாத்திரையை மாற்றியிருக்கிறார். மாற்றி எழுதிய சுகர் புத்தகம் காசிமேட்டில் பீரோவுக்குள் இருந்தது. தாய் இரண்டையும் போட்டுக்கொண்டிருந்தார். ஒன்று மருமகள் கொடுத்தது, ஒன்று மகள் கொடுத்தது. எதையும் வேண்டாம் என்று சொல்ல அவருக்கு மனசு வரவில்லை.

கிளைமிபிரைடு சர்க்கரையைக் கீழே இறக்கும் மருந்து. அளவு கூடினால் வியர்வை, நடுக்கம், மயக்கம் வரை போகும். வயதானவர்களுக்கு ஆபத்து அதிகம்.

எடுத்த முடிவும் காரணமும்

மாணவி வாசலில் நின்றே எனக்குப் போன் செய்தார். முன்னால் இருந்த வழிகள் மூன்று.

மூத்தவருக்கோ மூத்த மருமகளுக்கோ நாங்களே பேசி, புத்தகத்தைக் கொண்டுவரச் சொல்லலாம். இருப்பதில் வேகமான வழி இதுதான். இருவருக்கும் வைகாசி விஷயம் தெரியும் என்பதும் எங்களுக்குத் தெரியும், அதனால் பெரிய அதிர்ச்சியும் இருக்காது. மாணவிக்கு அந்த எண்ணம்தான் முதலில் வந்தது. ஆனால் ஒருவர் தனியாகச் சொன்னதைத் துணைக்கு வைத்துக்கொண்டு இன்னொருவரின் ரகசியத்தைத் திறப்பதாகிவிடும். அப்படி ஒரு முறை செய்துவிட்டால் அந்த வீட்டில் நாங்கள் வாங்கிய எல்லா வாக்கும் போய்விடும்.

மாத்திரை கொண்டுவரும் பணியாளரிடம் சொல்லலாம். அவரும் மூத்தவரின் தெருக்காரர். அவரிடம் சொன்னால் மாலைக்குள் காசிமேட்டுக்குப் போய்விடும்.

மூன்றாவது வழி, யாருடைய உடம்போ அவரிடமே சொல்வது. அதையே எடுத்தோம். உயிருக்கு ஆபத்து என்றால் ரகசியத்தை உடைக்கலாம் என்று எங்கள் படிவத்திலேயே இருந்தது, மனிதர்களை வைத்துச் செய்யும் மருத்துவ ஆய்வுகளுக்கான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் (ஐ.சி.எம்.ஆர்.) 2017 நெறிமுறைகளும் தனியுரிமைக்கு அப்படி விதிவிலக்கு உண்டு என்கின்றன. என் கருத்து, ஆபத்தைத் தீர்க்க ரகசியத்தை உடைக்காத வழி ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது அந்த விதிவிலக்கைத் தொடக்கூடாது. ஆனால் தள்ளிப்போடவும் கூடாது. இரவு மாத்திரைக்கு முன்பே டாக்டரைப் பார்த்தாக வேண்டும், தாயும் மகளும் தயங்கினால் மாணவியே கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்று வரையறுத்துக்கொண்டோம்.

அவர்கள் தயங்கவில்லை. இரண்டு அட்டைகளையும் எடுத்துக்கொண்டு மூவரும் பக்கத்திலிருந்த டாக்டரிடம் போனார்கள். விரலில் குத்திப் பார்த்துவிட்டு, மெடிக்கலில் வாங்கியதை அவர் நிறுத்தினார். முன்பு என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கப் புத்தகம் வேண்டும் என்றார்.

புத்தகம் கேட்க வேண்டியவர் தாய்தான். மகளின் போனிலிருந்து மூத்த மருமகளை அழைத்தார். “நான் பொண்ணு வூட்ல கீறேன். சுகர் புக்க எடுத்தா.” அவ்வளவுதான் பேச்சு.

அதன் பிறகு

மறுநாள் காலை மூத்த மருமகள் புத்தகத்தோடு வந்தார். மீதி மாத்திரைகளையும் ஒரு டப்பாவில் போட்டு எடுத்து வந்திருந்தார். நாத்தனார் கொடுத்த டீயைக் குடித்துவிட்டுப் போனார் என்று மகள் இரண்டு முறை சொன்னார்.

விஷயம் வாய்விட்டுச் சொல்லப்பட்டுவிட்டதால் மூத்தவருக்கு இனித் தெரியாததுபோல் இருக்க முடியவில்லை. குடும்பத்தைக் கூட்டினார். மாணவியையும் வரச் சொன்னார்: “நீதான் எல்லாத்தையும் எழுதி வச்சிருக்க. யாரு இன்னா சொன்னாங்கன்னு நீ சாட்சி.” போகக்கூடாது என்று முடிவு செய்தோம். “நீங்க சொன்னதை அவங்ககிட்டச் சொல்ல மாட்டேன் சார். அவங்க சொன்னதையும் உங்ககிட்டச் சொல்ல முடியாது” என்று அவரிடம் மாணவி சொன்னார். கோபப்பட்டார். இரண்டு பேருக்கிடையே உள்ள இறுக்கத்தைத் தாங்க முடியாதபோது குடும்பம் மூன்றாவது ஆளை இழுத்து முக்கோணமாக்கிக்கொள்ளும் என்று அமெரிக்க மனநல மருத்துவர் மர்ரே போவன் சொல்வார். அந்த மூன்றாவது நாற்காலியில் ஆய்வாளர் உட்கார்ந்துவிட்டால் அப்புறம் எழுந்திருக்கவே முடியாது.

அன்று நடந்ததைப் பிறகு ஆளுக்கொரு விதமாகச் சொன்னார்கள். எல்லோர் சொல்லிலும் ஒத்துப்போனவை இவை. “தெரியாமலா இருந்தேன்?” என்று மூத்தவரே எல்லோர் முன்னாலும் கேட்டிருக்கிறார். வைகாசி மகளுக்கு என்று முடிவானது. பதிலுக்கு மார்கழியை இரண்டாமவர் எடுத்துக்கொண்டார். கார்த்திகையும் அவர் முறைதான். அந்தச் சமயத்தில் புயல் வந்து படகு நின்றால் என்ன செய்வார் என்று மூத்த மருமகள் கேட்டதற்குப் பதில் வரவில்லை. இனிப் பங்கு கேட்க மாட்டேன் என்று இன்னொரு தாளில் எழுதித் தரும்படி மூத்தவர் தங்கையைக் கேட்டார். ஏற்கெனவே பதிவான பத்திரம் இருக்கிறது, இன்னொன்றில் கையெழுத்துப் போட மாட்டேன் என்று அவர் மறுத்துவிட்டார். அன்றிலிருந்து மூத்தவர் தங்கை வீட்டுப் படியேறவில்லை.

2007-ஆம் ஆண்டுப் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் பற்றித் தாய்க்குத் தனியாக எடுத்துச் சொன்னோம். கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனு கொடுக்கலாம், மாதம் 10,000 ரூபாய் வரை உத்தரவாகலாம். பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிக் கொடுத்த சொத்தை 23-ஆம் பிரிவின்படி திரும்பப் பெறவும் கேட்கலாம். அந்த நிபந்தனை பத்திரத்திலேயே இருக்க வேண்டுமா என்பதில் உச்ச நீதிமன்றம் 2022-இல் கறாராகப் பேசியது, 2025 ஜனவரியில் வந்த தீர்ப்பு முதியவர்களுக்குச் சாதகமாகச் சட்டத்தைத் தாராளமாகப் பொருள்கொள்ள வேண்டும் என்றது. 14567 என்ற முதியோர் உதவி எண்ணையும் சொன்னோம். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். “புள்ளைங்கள கோர்ட்டுல நிக்க வச்சிட்டு அப்பால எந்த வூட்ல போய்ப் படுக்கிறது?” என்றார். எண்ணை மட்டும் பேரனிடம் சொல்லிப் போனில் போட்டு வைத்துக்கொண்டார்.

சுகர் புத்தகம் இப்போது ஒயர் கூடைக்குள்ளேயே இருக்கிறது. அவர் போகும் வீட்டுக்கெல்லாம் அதுவும் போகிறது. விடியற்காலை வியர்வையும் நடுக்கமும் பிறகு வரவில்லை என்றார் மகள்.

இனி மாறுவது

“எந்தப் பிள்ளை வீட்டில் இருக்கிறார்?” என்ற கேள்வியைப் படிவத்திலிருந்து எடுத்துவிட்டோம். பதிலையும் சேர்த்தே கேட்கும் கேள்வி அது. இப்போது கேட்பது: நேற்று ராத்திரி எங்கே படுத்தார், இந்த வார மாத்திரை யார் கையிலிருந்து வந்தது. மாத்திரை வந்த வழியைப் பின்தொடர்ந்தால் முறைப் பட்டியலில் இல்லாத ஆட்கள் தெரிய வருகிறார்கள். மகள், பேரன், சில வீடுகளில் பக்கத்து வீட்டுக்காரர். அதோடு, அந்தந்தப் பகுதியின் தொழில் காலண்டரையும் தாளில் ஒரு வரிசையாகச் சேர்த்திருக்கிறோம்.

கூட்டுப் பேச்சின் தொடக்கத்திலேயே, எல்லோரும் கேட்க, ஒன்றைச் சொல்கிறோம்: தனியாகப் பேசும்போது ஒருவர் சொன்னதை மற்றவரிடம் உண்டென்றும் சொல்ல மாட்டோம், இல்லையென்றும் சொல்ல மாட்டோம், சண்டை வந்தாலும் சாட்சிக்கு வர மாட்டோம். இதைக் கேட்டு ஒரு குடும்பம் ஆய்விலிருந்தே விலகிக்கொண்டது. பரவாயில்லை. களத்தில் மருந்து விஷயம் ஏதாவது கண்ணில் பட்டால் உடனே கேட்க ஒரு டாக்டரின் எண்ணும் மாணவர்களிடம் இருக்கிறது.

இந்தக் கட்டுரையை வெளியிடும் முன் ஒவ்வொருவரும் தங்களைப் பற்றிய பகுதியைத் தனியாக வாசித்துச் சம்மதம் தந்தார்கள். தாய்க்கு வாசித்துக் காட்டினோம். ரகசியமாகச் சொன்னவற்றில், பிறகு அவர்களே வீட்டில் வாய்விட்டுச் சொன்னவை மட்டும்தான் இதில் இருக்கின்றன. இங்கே மேற்கோளாக வந்திருப்பவற்றை அவரவர் கேட்டு ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். ஆய்வேட்டில் இவர்கள் தனிக் குடும்பமாக வர மாட்டார்கள். தடைக்காலத்தில் முறை மாறும் வேறு குடும்பங்களின் பேட்டிகளோடு சேர்த்து, யார் சொன்னது என்று பிரித்துப் பார்க்க முடியாதபடி எழுதுவதாக ஏற்பாடு.